தூண்டிலும் துடுப்பும்: சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் ஒரு பகல்

சிங்கப்பூரில் இயற்கையாக அமைந்த ஏரி என்று ஒன்றும் கிடையாது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நாம் போய் உட்காரும் கரை எதுவாக இருந்தாலும், அது ஒரு பள்ளத்தாக்கையோ, ஆற்றின் முகத்துவாரத்தையோ, மணல் அள்ளிய குழியையோ தேக்கி உண்டாக்கிய நீரின் கரைதான். இன்று தீவில் அப்படி 17 நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் பெய்யும் மழை அவற்றை நோக்கியே ஓடுகிறது. அந்த நீர் சுத்திகரிக்கப்பட்டு நம் வீட்டுக் குழாய்க்கு வந்து சேர்கிறது. வார இறுதியில் தூண்டிலையும் துடுப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பும் குடும்பம் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதைத்தான். எங்கே தூண்டில் போடலாம், எதை இரையாகப் பூட்டலாம், ஏன் நீந்தக் கூடாது, மீதிச் சோற்றை ஏன் மீனுக்குக் கொட்டக் கூடாது என்பவற்றுக்கெல்லாம் தனித்தனியே காரணம் தேட வேண்டியதில்லை. இது நாம் குடிக்கும் நீர் என்பதிலேயே எல்லாம் அடங்கிவிடுகின்றன.

இந்நாட்டின் மூத்த தலைமுறைக்கு இதைச் சொல்லித் தரத் தேவையிருக்காது. 1963ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மறு ஆண்டு பிப்ரவரி வரை மழை பொய்த்து, தண்ணீர்ப் பங்கீட்டின் கீழ் வாளிகளோடு காத்திருந்தவர்கள் அவர்கள். நம் பிள்ளைகளோ குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்று நம்பி வளர்கிறவர்கள். அவர்களை ஒரு முழுப் பகல் நீர்த்தேக்கத்தின் கரையில் இருக்க வைப்பதைவிட நல்ல பாடம் இதற்கு இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கள் வீட்டில் அந்தப் பகல் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் அமைகிறது. விடியற்காலையில் லோயர் சிலேத்தாரில் மீன்பிடிப்பு, முற்பகலில் மெக்ரிட்ச்சியில் கயாக் எனும் குறுகிய துடுப்புப் படகு, வெயில் ஏறிய பிறகு மரநிழலில் உணவும் நடையும். இந்த வரிசைக்குக் காரணம் வானம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இங்கே இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கூடிக்கொண்டு வரும். ஆகையால் நீரின்மேல் செய்ய வேண்டியவற்றை நண்பகலுக்குள் முடித்துவிடுவது நல்லது. விதிவிலக்காக, சுமத்ரா சூறைக்காற்று எனப்படும் மழைவரிசை ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை எந்த நாளிலும் விடியலுக்கு முன்போ காலையிலோ மேற்கிலிருந்து பாய்ந்து வரலாம். அதனால் புறப்படுவதற்கு முன் மழை ரேடார் படத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். மேற்கே மலாக்கா நீரிணையின்மேல் வில் வடிவில் ஒரு பட்டை தெரிந்தால், அது கடந்து போகும்வரை வீட்டிலேயே இன்னொரு தேநீர் குடிக்கலாம்.

லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கம், சிலேத்தார் ஆற்றின் முகத்துவாரத்தை அணைகட்டி 1986இல் உருவாக்கப்பட்டது. ஈசூனிலிருந்து போக்குவரத்து எளிது. கரை சமமாக இருப்பதால் முதியவர்களும் சிரமமின்றி நடக்கலாம். மீன்பிடிக்க அனுமதிக்கப்பட்ட இடத்தை அறிவிப்புப் பலகை தெளிவாகக் காட்டும்; அந்த எல்லைக்கு வெளியே தூண்டில் போட்டால் 3,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். கரையோரம் முழுவதும் ஒரே மாதிரித் தெரிவதால், பலகையைத் தாண்டிப் பத்தடி தள்ளி நின்றால் என்ன என்று தோன்றும். அப்படி நிற்க வேண்டாம். நடைபாதையில் மிதிவண்டியும் குழந்தை வண்டியும் போகிற இடத்தில் முள் பூட்டிய நரம்பு, அதாவது தூண்டில் கயிறு, பின்னோக்கி வீசப்படுவது எவ்வளவு ஆபத்து என்பதை அங்கே அரைமணி நேரம் நின்று பார்த்தாலே புரிந்துவிடும். தலைக்கு மேலாக வீசுவதையே சில இடங்களில் தடைசெய்திருக்கிறார்கள். பக்கவாட்டில், இடுப்பளவு உயரத்தில் கோலை வீசப் பழகிக்கொள்வது எங்கேயும் உதவும். என் மகனுக்கு நான் முதலில் கற்றுக்கொடுத்ததும் அதுதான். வீசுவதற்கு முன் திரும்பிப் பார்த்து, "பின்னாடி யாரும் இல்லப்பா" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே அவன் கோலை அசைக்க வேண்டும்.

இரை செயற்கையாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. புழு, இறால், ரொட்டிமாவு ஆகியவை நீரில் கரைந்தும் அழுகியும் அதன் தரத்தைக் கெடுக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த என் மாமனாருக்கு இது முதலில் நம்ப முடியாததாக இருந்தது. வாய்க்காலிலும் குளத்திலும் உயிருள்ள தவளையை முள்ளில் கோத்து விரால் பிடித்துப் பழகியவர் அவர். "உசுரு இல்லாத இரைய எந்த மீனு மாப்ள தொடும்?" என்று கேட்டார். நான் பெட்டியிலிருந்து ரப்பர் தவளை ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தேன். உள்ளே வெற்றிடமான மெல்லிய உடல், அடியில் வெளிர் வயிறு, பின்புறம் கால்களுக்குப் பதில் நூல் குஞ்சம். இரண்டு முட்களும் மேல்நோக்கி, முதுகோடு ஒட்டிப் படிந்திருக்கும். பாசியின்மேலும் இலையின்மேலும் இழுத்தால் எதிலும் மாட்டாது. மீன் கவ்வி உடலை நசுக்கும்போதுதான் முட்கள் வெளியே வரும். அவர் அதைக் கட்டைவிரலால் அழுத்தி, முள் எழும்புவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு, "கவ்வுன உடனே சுண்டக் கூடாது. ஒரு மூச்சு விட்டுட்டுத்தான் இழுக்கணும், இல்லியா?" என்றார். அந்தத் தவளையைப் பயன்படுத்துவோர் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டிய நுட்பம் அதுவே. நீர்ப்பரப்பில் மீன் எகிறுவதைக் கண்டதும் கை தானாகச் சுண்டிவிடும். அப்போது இரை மீனின் வாயிலிருந்து பறந்து வந்துவிடும். மீன் வாயை மூடித் திரும்பும் எடை நரம்பில் தெரிந்த பிறகு இழுக்க வேண்டும்.

விரால் அவருக்கு இங்கேயும் கிடைத்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. மலாய்க்காரர்கள் ஹாருவான் என்று அழைப்பது நம் ஊர் விராலேதான். அறுவை சிகிச்சைக்குப் பின் புண் ஆறுவதற்கு அதன் சாற்றை இங்கே மலாய்க்காரர்களும் சீனர்களும் விரும்பிக் கொடுப்பார்கள். அதற்கு நெருங்கிய உறவான தோமான், ஒரு மீட்டர் நீளம்வரை வளரக்கூடிய வேட்டைமீன். இரண்டுமே காற்றை நேரடியாகச் சுவாசிக்க நீர்மட்டத்துக்கு வந்து போகும். கரையிலிருந்து சற்றுத் தள்ளி ஓர் இடம் மட்டும் தூறல் விழுவது போலப் பொடிப் பொடியாகத் துள்ளினால், அது மூச்சுக்காக மேலே வரும் செந்நிறக் குஞ்சுக்கூட்டம். தாயும் தந்தையும் கீழே காவல் இருக்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே இரையை இழுத்தால் பெற்றோர் கோபத்தில் நிச்சயம் தாக்கும் என்பது தெரிந்ததே. ஆயினும் அங்கே வீசக் கூடாது என்பது என் கருத்து. காவலுக்கு இருக்கும் மீனைக் கரையேற்றிய சில நிமிடங்களுக்குள் சுற்றியிருக்கும் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்று முடித்துவிடும். கூட்டத்தைக் கண்ட மாமனாரும், "குஞ்சு கட்டியிருக்கு மாப்ள, அந்தப் பக்கம் வேணாம்" என்று தாமாகவே கோலைத் திருப்பிக்கொண்டார்.

காலை வெயில் நீரில் இறங்கத் தொடங்கியதும் பீகாக் பாஸ் மீனின் நேரம் ஆரம்பிக்கிறது. கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன் ஆதலால் இருட்டில் அதற்காகக் காத்திருப்பதில் பயனில்லை. விழுந்த மரக்கிளை, மேடையின் தூண், ஆழம் சட்டென்று மாறும் இடம் ஆகியவற்றை ஒட்டி அது பதுங்கியிருக்கும். விரல் நீளமுள்ள சிறு மீன் வடிவ இரையை அந்த இடத்தைத் தாண்டி வீசி, இரண்டு சுண்டு, ஒரு நிறுத்தம் என்று கொண்டுவர வேண்டும். தாக்குதல் பெரும்பாலும் நிறுத்தத்தின்போது நிகழ்கிறது. ஆறடியிலிருந்து ஏழடிவரையுள்ள இலகுவான கோல், நரம்பைச் சுற்றிவைக்கும் சிறிய ஸ்பின்னிங் ரீல், மெல்லிய பின்னல் நரம்பு, அதன் நுனியில் ஒரு கை நீளத்துக்குத் தடித்த நைலான் நரம்பு ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். தோமானை நாடுவோருக்கு மட்டும் இவை தாங்காது. இரையோடு கடையில் வரும் மூன்றுமுனை முட்களைக் கழற்றிவிட்டு ஒற்றை முள்ளாக மாற்றி, அதன் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீண்டிருக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால் மீனுக்கும் நல்லது, பிள்ளையின் விரலுக்கும் நல்லது.

பீகாக் பாஸின் வாலடியில் பொன்வளையம் சூழ்ந்த கறுப்புப் பொட்டு ஒன்று உண்டு. அது மயில்பீலியின் கண்ணை ஒத்திருப்பதால்தான் அந்தப் பெயர். என் மகன் அதை அருகில் பார்க்க விரும்பினான். கையை நீரில் நனைத்துக்கொண்டு, மீனின் கீழ்த்தாடையை ஒரு கையிலும் வயிற்றை மறு கையிலும் தாங்கி, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்துக் காட்டினேன். உலர்ந்த கை பட்டால் மீனின் உடலைக் காக்கும் வழுவழுப்புப் படலம் உரிந்து, அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். சூடேறிய பலகைத் தளத்தில் போட்டால் அதைவிடக் கேடு. முள்ளை எடுத்தபின் மீனை வீசக் கூடாது. நீரில் நேராகத் தாங்கிப் பிடித்திருந்தால், தெம்பு வந்ததும் அது தானே வாலை அடித்துக்கொண்டு போகும்.

இந்த மீன் தென்னமெரிக்க அமேசான் படுகையைச் சேர்ந்தது என்பதையும் அவனிடம் சொன்னேன். நாம் ஜிலேபி கெண்டை என்று அழைக்கும் திலாப்பியா ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் தென்னமெரிக்க நன்னீர்த் திருக்கை குடியேறிப் பெருகியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதன் வாலில் நச்சுமுள் உண்டு. வீட்டுத் தொட்டியில் அலுத்துப்போன மீனையும் ஆமையையும், புண்ணியம் என்று கருதியோ இரக்கப்பட்டோ நீர்த்தேக்கத்தில் விடுவதால் விளைவது இது. விடப்படும் உயிர்களில் பல சில நாள்களில் இறந்துபோகும். இறக்காதவை இங்கிருக்கும் மீன்களைத் தின்று பெருகும். ஆகவே ஒரு நீர்த்தேக்கத்தில் பிடித்த மீனை இன்னொன்றுக்குக் கொண்டுபோய் விடவும் கூடாது.

மெக்ரிட்ச்சிக்கு நாங்கள் தாம்சன் சாலை வழியாக வருகிறோம். ரயிலில் வருவோருக்குக் கால்டிகாட், மேரிமவுண்ட் நிலையங்கள் நடக்கும் தொலைவில் இருக்கின்றன. தீவின் மிகப் பழைய நீர்த்தேக்கம் இது. நகருக்கு நல்ல நீர் வேண்டும் என்று டான் கிம் செங் என்ற சீன வணிகர் 1857இல் 13,000 வெள்ளி கொடுத்தார். தேக்கம் 1868இல் கட்டி முடிக்கப்பட்டது. பின்னர் அதை விரிவுபடுத்திய நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்ச்சியின் பெயர் 1922இல் சூட்டப்பட்டது. துடுப்பை நீரில் வைக்கும்போது இதை நினைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும்.

கயாக்கை வாடகைக்கு எடுப்பவரிடம் அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழ் கேட்பார்கள். அதைச் சலுகையற்ற கெடுபிடி என்று குறைசொல்வோரை நான் கேட்டிருக்கிறேன். ஆனால் படகு கவிழ்ந்தால் நீருக்கடியில் எப்படி வெளியேறுவது, கவிழ்ந்த படகை விட்டு நீந்திப் போகாமல் ஏன் அதைப் பிடித்துக்கொண்டே மிதக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒருமுறையாவது உடம்பால் செய்து பார்த்தவருக்குத்தான் நடு நீரில் மனம் அமைதியாக இருக்கும். என் மனைவியும் நானும் சேர்ந்தே அந்தப் பயிற்சியை முடித்தோம். மிதவை அங்கியை அணிந்ததும் அதன் தோள்பட்டைகளைப் பிடித்து இன்னொருவர் மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். அங்கி காதுவரை ஏறிவந்தால் வார்களை இன்னும் இறுக்க வேண்டும். நீச்சல் தெரியும் என்பதற்காக யாரும் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது.

இரட்டைக் கயாக்கில் முன்னால் இருப்பவர் தாளத்தைத் தீர்மானிக்கிறார். பின்னால் இருப்பவர் அதைப் பின்பற்றித் திசையைக் கவனிக்கிறார். எங்கள் படகில் மனைவிதான் முன்னால். அவர் வலப்பக்கம் இடும்போது நானும் வலப்பக்கம், அவர் நிறுத்தினால் நானும் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் துடுப்புகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். துடுப்பின் அலகைக் கால்விரல்களுக்கு நேராக நீரில் முழுவதும் அமிழ்த்தி, இடுப்புவரை இழுத்து, அங்கேயே வெளியே எடுத்துவிட வேண்டும். இடுப்பைத் தாண்டி இழுத்தால் நீரை மேலே தூக்கும் வீண் உழைப்பாகிவிடும். இழுக்கும் வலிமை கையிலிருந்து வந்தால் கால்மணி நேரத்தில் தோள் சோர்ந்துவிடும். பாதத்தைத் தாங்குபலகையில் ஊன்றி, முதுகை நேராக்கி, இடுப்புக்கு மேலுள்ள உடலைத் திருப்பி இழுத்தால் ஒரு மணி நேரமும் களைப்பு தெரியாது. திரும்புவதற்கு, படகின் மூக்கிலிருந்து பின்புறம்வரை துடுப்பால் அகன்ற அரைவட்டம் போட்டால் போதும்.

புறப்படும்போது காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, முதலில் அதை எதிர்த்துச் செல்வதே முறை. திரும்பும் வேளையில் கை ஓய்ந்திருக்கும். அப்போது காற்று முதுகில் தள்ளிக்கொடுக்கும். மிதவைகளால் குறிக்கப்பட்ட எல்லைக்கு அப்பால் செல்லக் கூடாது. நீர் எடுக்கும் அமைப்புகளும் உபரிநீர் வழிந்தோடும் பகுதியும் அங்கே இருக்கலாம். கரையோரமாகப் போனால் காட்டின் விளிம்பு கைக்கெட்டும் தொலைவில் வரும். உடும்பு ஒன்று வேரின்மேல் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருப்பதையும், மீன்கொத்தி ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப வந்து அமர்வதையும் நாங்கள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறோம்.

மின்னலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் உலகில் மின்னல் மிகுந்த இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. திறந்த நீர்ப்பரப்பில் இருக்கும்போது நம் தலைதான் உயரமான பொருள். மின்னல் தெரிந்து 30 வினாடிக்குள் இடி கேட்டால், அது ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். உடனே கரையேறிக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை திரும்பக் கூடாது. எச்சரிக்கை ஒலி எழும்வரை காத்திருப்பது அறிவுடைமையன்று. கார்பன் இழையால் செய்த தூண்டில் கோல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், மீன்பிடிப்போர் கோலைக் கீழே கிடத்திவிட்டு நகர வேண்டும். தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. மீன் நன்றாகக் கடிக்கும் வேளையில், இன்னும் ஒரே ஒரு வீச்சு என்று மனம் கெஞ்சும். பிள்ளைகள் நம்மைப் பார்த்துக் கற்கிறார்கள் என்பதற்காகவாவது அதற்கு இணங்கக் கூடாது.

பிற்பகல் முழுவதும் பூங்காவுக்கு உரியது. மாமனார் காலையிலேயே வேண்டிய அளவு நின்றுவிட்டதால், மெக்ரிட்ச்சியின் வளைந்து செல்லும் பாலத்துக்கு அருகில் நிழலான இருக்கையைத் தேடிக்கொள்வார். நடக்க விரும்புவோர் நீரை ஒட்டிச் செல்லும் செம்பராய், புரூனஸ் பலகைப் பாதைகளில் போகலாம். தளம் சமமாக இருக்கும், நீரும் காடும் ஒருங்கே தெரியும். காட்டுக்குள்ளிருக்கும் 250 மீட்டர் நீளமுள்ள மரஉச்சித் தொங்குபாலத்தையும் அதே நாளில் சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் ஆலோசனை. நுழைவாயிலிலிருந்து போய்த் திரும்பவே அரைநாள் பிடிக்கும். திங்கட்கிழமைகளில் அது மூடியிருக்கும். துடுப்புப் போட்ட கைகளும் வெயிலில் நின்ற கால்களும் அதை அனுபவிக்கும் நிலையில் இருக்காது. அதற்கென்று வேறு நாள் ஒதுக்குங்கள்.

உணவைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தால் நீண்டவால் குரங்குகள் வந்துவிடும். அவற்றுக்குப் பையின் சலசலப்பே சாப்பாட்டு அழைப்பு. எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் மூடியிறுக்கிய டப்பாவில், முதுகுப்பைக்குள் இருக்கட்டும். குரங்குகள் கண்ணில் படாத இடமாகப் பார்த்துப் பிரியுங்கள். அவற்றுக்குத் தின்னக் கொடுப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, மனிதர் கையில் உண்டு பழகிய குரங்கு அடுத்த குடும்பத்தின் குழந்தையிடம் பறிக்கத் துணியும். அருகில் வந்தால் பல்லைக் காட்டிச் சிரிக்காமல், கண்ணை நேராகப் பார்க்காமல், பையை முன்புறம் அணைத்துக்கொண்டு மெல்ல விலக வேண்டும்.

புறப்படும் முன் எங்கள் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. கிழிந்த இரை, வெட்டிய நரம்பு, முட்கள் ஆகியவற்றுக்கென்று மூடியுள்ள ஒரு பழைய மாத்திரை டப்பாவை மகன் வைத்திருக்கிறான். காலையில் மேடையின் இடுக்குகளில் மற்றவர்கள் விட்டுப்போன நரம்புத் துண்டுகளையும் அவன் பொறுக்கி அதில் சேர்ப்பான். நைலான் நரம்பு பல்லாண்டுகள் மக்காது. நாரையின் காலிலும் பருந்தின் சிறகிலும் சுற்றிக்கொண்டால் பறவை உணவு தேட முடியாமல் செத்துப்போகும். முள்ளைப் பூங்காவின் குப்பைத்தொட்டியில் வெறுமனே போட்டால், அதைக் கையால் அள்ளும் துப்புரவுத் தொழிலாளியின் விரலில் அது ஏறும். அந்த டப்பா நிரம்பியதும் அதன் மூடியை ஒட்டுநாடாவால் சுற்றி ஒட்டி, வீட்டுக் குப்பையோடுதான் போடுகிறோம்.